லூஸ் காண்டாக்ட்

பேஸ் கிதார் பொட்டி கரகரன்னு சத்தம் போட்டால் எல்லாரும் முதலில் பார்ப்பது வாசிக்கிறவன் மூஞ்சியைத்தான். ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கும், ஓட்டைப் பொட்டியா இருக்கும், இவனுங்களுக்கு எதுக்கு இந்த வேலை என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு கையில் வைத்திருப்பார்கள். முப்பது வருசமாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறேன். வாசித்த நேரத்தைவிட இந்தப் பொட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அதிகம். நான் பார்த்த மட்டும் கரகரப்பில் முக்கால்வாசி பெரிய வியாதி கிடையாது. ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு உலோகம் சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான். மெக்கானிக் பாஷையில் லூஸ் காண்டாக்ட். தொடாததுதான் கோளாறு என்று சொன்ன உடனே நம்ம தோழர்கள் சிலர் அதை வைத்துக் கவிதை எழுதிவிடுவார்கள். வேண்டாம். நான் சொல்வது வெறும் களிம்பையும் தூசியையும் பற்றித்தான்.

எங்கப்பா பறையடித்தவர். ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் இவர் போய் நிற்கணும். 1989ல் இனிமேல் ஊர்ச்சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று காலனியில் கூடி முடிவெடுத்தார்கள். அதற்கப்புறம் எங்கப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு பழைய ரேடியோ செட் வாங்கினார்கள். ரெண்டு குழாய், ஒரு ஆம்ப்ளிபயர், ஒரு மைக். பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது தாண்டாத எங்கப்பா அந்த ஆம்ப்ளிபயரைப் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டது காதாலும் விரலாலும்தான். பறையை வைக்கோல் தீயில் காய்ச்சி, விரலால் தட்டி, எந்த ஓரத்தில் தோல் இன்னும் தொய்வாக இருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள். அதே வேலையைத்தான் இங்கேயும் செய்தார். பொட்டியைத் திறந்து வைத்து, ஓடவிட்டு, பறையடிக்கிற சிண்டுக்குச்சியால் ஒவ்வொரு பாகமாக மெல்லத் தட்டுவார். மூங்கில் குச்சி, கரண்ட் பாயாது. எங்கே தட்டும்போது கரகரப்பு எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு. பிற்பாடு டவுனில் நான் வேலை பழகிய கடையிலும் மெக்கானிக் மரக்குச்சியால்தான் தட்டினார். அங்கே அதற்குப் பேர் டெஸ்டிங். எங்க வீட்டில் அதற்குப் பேர் பறையன் புத்தி.

பேஸ் பொட்டிக்கு இந்தத் தொல்லை மற்றதைவிட அதிகம். காரணம் இருக்கிறது. பேஸின் தடித்த கம்பி சும்மா மீட்டினாலே நொடிக்கு 41 தடவை அதிரும். அந்தத் தாழ்ந்த சுரத்தைக் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி கொடுக்கணும் என்றால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ளணும். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிபயரும் ஒரே பொட்டிக்குள் இருந்தால் தன் சத்தத்திலேயே தான் குலுங்கும். இதோடு வேன் பயணம், மேடைத் தூசி, ஆடி மாசத்து ஈரக்காற்று, வாசிக்கிறவன் கை வேர்வை. ஜாக்கு நட்டு கழலும். ஈயப்பற்றில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். டிரை சால்டர் என்பார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பாகத்தின் காலைச் சுற்றி மயிர் மாதிரி ஒரு வளையம் தெரியும்.

தேடுவதற்கு ஒரு முறை உண்டு. கிதாரின் வால்யூமைச் சுத்தமாகக் குறைக்கணும். அப்பவும் கரகரத்தால் கோளாறு அநேகமாகப் பொட்டியில். நின்றுவிட்டால் கிதாருக்குள். வயரை அசைத்தால் சத்தம் வருகிறதென்றால் வயரிலோ ஜாக்கிலோ. நல்ல வயர் ஒன்றை மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும். குமிழைத் திருகும்போது மட்டும் சத்தம் வந்தால் உள்ளே தடத்தில் அழுக்கு. காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருகினால் போகும். அதுக்கும் போகவில்லை என்றால் முன்னால் இருக்கிற கப்பாசிட்டர் வழியாக டிசி கசிகிறதா என்று பார்க்கணும். பலர் பார்க்காத இடம் ஒன்று இருக்கிறது. எபெக்ட் பொட்டி சேர்ப்பதற்காகப் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று ரெண்டு ஓட்டை வைத்திருப்பான். நாம் அதில் எதையும் சொருகுவதே இல்லை. ஆனால் பல பொட்டிகளில், ஒன்றும் சொருகாதபோது மொத்தச் சத்தமும் அந்த ரிட்டர்ன் ஓட்டைக்குள் இருக்கிற சின்னத் தகடு வழியாகத்தான் போகிறது. தகட்டில் களிம்பு பிடித்தால் கரகரப்பு, சத்தம் விட்டு விட்டு வருவது எல்லாம் ஆரம்பிக்கும். சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் ஒரு குட்டை வயரைப் போட்டதும் சத்தம் சுத்தமானால் குற்றவாளி அந்தத் தகடுதான்.

1996 ஆடி மாசம் ஒரு ஊரில் மாரியம்மன் திருவிழா. எங்க குழுவில் ஒன்பது பேர், ஆறு பேர் காலனி ஆட்கள். ஊருக்குத் தெரியும், தெரிந்துதான் கூப்பிட்டார்கள். டீ மட்டும் எங்களுக்குத் தனி டம்ளரில் வந்தது. முதல் பாட்டிலேயே பொட்டி கரகரத்தது. நாட்டாமைக்காரர் ஒருவர் மேடைக்குக் கீழே நின்று, "மோளம் அடிக்கிற பயலுக்குப் பொட்டி எதுக்குடா?" என்றார். கூட்டம் சிரித்தது. ஆனால் அதே சடசடப்பு ஊர்க்காரர்களின் மைக் செட்டிலும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. வேறு வேறு பொட்டியில் ஒரே நேரத்தில் சத்தம் வந்தால் பார்க்க வேண்டியது கரண்ட் வருகிற வழியை. போர்டு கோயில் மதிலுக்குள் ஒரு அறையில் இருந்தது. வாசலிலிருந்தே பார்த்தேன். பிளக் கிடையாது. வயர் நுனி ரெண்டையும் அப்படியே பாயிண்டில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். பொறி பறந்துகொண்டிருந்தது. எர்த் வயரே இல்லை. "நான் சரி பண்றேங்க" என்று காலை வைத்தேன். "உள்ள வராத. நீ ஒம் பொட்டியப் பாரு."

மேடைக்குத் திரும்பி கோரஸ் பாட மைக் பக்கம் குனிந்தபோது உதட்டில் சுளீரென்று அடித்தது. கிதார் கம்பி பொட்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தது. மைக் அவர்கள் செட்டோடு சேர்ந்தது. எர்த் இல்லாத ரெண்டில் ஒன்று கசிந்தால் நடுவில் இருக்கிற நம்ம உடம்புதான் வயர். 230 வோல்ட்டுக்குச் சாதி தெரியாது என்பார்கள். யார் கை கம்பியில் இருக்கிறது, யாரை அறைக்குள் விடவில்லை என்று பார்த்தால் தெரியும் போலத்தான் இருக்கிறது.

கிதாரைக் கழற்றிக் கீழே வைத்தேன். "எர்த் குடுக்காம வாசிக்க மாட்டோம்" என்றேன். எங்க குழுத் தலைவர் ஊர்க்காரர், பயந்த ஆள், கையைப் பிடித்துக் கெஞ்சினார். காலனிப் பையன்கள் ஆறு பேரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார்கள். விசில், கல், கெட்ட வார்த்தை. அரை மணி நேரம் மேடை அப்படியே கிடந்தது. அந்த நேரத்தில் நான் டார்ச் வெளிச்சத்தில் என் பொட்டியைப் பார்த்தேன். சென்டுக்கும் ரிட்டர்னுக்கும் வயரைப் போட்டு ஆள் விட்டுக் குச்சியால் தட்டச் சொல்ல கரண்ட் வேணும், அது இல்லை. பிளக்கைப் பிடுங்கி, வெகுநேரம் விட்டு, சட்டத்தைக் கழற்றி, ரிட்டர்ன் தகட்டை ரப்பரால் தேய்த்தேன். பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பர். உப்புத்தாள் போட்டால் மேல்பூச்சு போய்விடும், மறுபடி சீக்கிரம் களிம்பு பிடிக்கும். தகட்டைக் கொஞ்சம் வளைத்து இறுக்கமாக உட்கார வைத்தேன். கடைசியில் பெரிய மனுசர் ஒருவர் சத்தம் போட்டு, கோயில் ஆள் ஒருத்தன் மூணு முள் பிளக் மாட்டி எர்த் வயரும் இழுத்தான். சடசடப்பு ரெண்டு செட்டிலும் நின்றது. என் பொட்டியில் மிச்சமிருந்த கரகரப்பும் இல்லை. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வாசித்தோம். சாமான் ஏற்றும்போது நாட்டாமைக்காரர் எங்க தலைவரிடம் கேட்டார்: "டவுன்லேருந்து மெக்கானிக்க வரவழச்சீங்களா?" தலைவர் ஆமாம் என்று தலையாட்டினார். அடுத்த வருசம் எங்களைக் கூப்பிடவில்லை.

எங்கப்பாவிடம் சொன்னபோது அவர் கல்லைப் பற்றியோ டம்ளரைப் பற்றியோ கேட்கவில்லை. "எர்த்துல வோல்ட் பாத்தியா?" என்றுதான் கேட்டார்.

இப்போது எங்க காலனியில் பாலிடெக்னிக் படிக்கிற பெண் ஒருத்தி பேஸ் பழகுகிறாள். என்னைப் பெரியப்பா என்பாள். பழைய பொட்டி ஒன்று வாங்கியிருக்கிறாள். போட்ட புதிதில் பத்து நிமிசம் கரகரக்கிறது, சூடேறினதும் நின்றுவிடுகிறது. ஜாக்கு, வயர், குமிழ் எல்லாம் பார்த்துவிட்டாள், ரிட்டர்ன் தகடும் சுத்தம். சூட்டில் விரிந்து ஒட்டிக்கொள்கிற டிரை சால்டர் என்று அவளே சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. பவர் பக்கம் பெரிய கப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கின பிறகும் கரண்ட் நிற்கும், ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை திறக்கிறோம். பழைய பற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுசு வைக்கணும். மீட்டர் அவளிடமே இருக்கிறது. 60/40 ஈயம்தான் தீர்ந்துபோச்சு, வாங்கணும்.