கொஞ்சம் சத்தமாக் கேளு தாயி

போன வருஷம் ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் போயிருந்தேன். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் உங்களுக்கு கோமதியம்மன், புற்றுமண், பிரியாணி என்று வரிசையாக ஞாபகம் வரலாம். எனக்கு முதலில் வருவது சத்தம். தறிச் சத்தம். சித்தப்பா வீட்டுத் தெருவில் காலையில் கண் விழித்தால், பத்திருபது பேர் சேர்ந்து பலகையைத் தட்டுகிற மாதிரி 'டடக் டடக்' என்று விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாள் மண்டை வலிக்கும். இரண்டாம் நாள் பழகிவிடும். இந்தப் பழகிப்போவதில்தான் வினையே இருக்கிறது.

சித்தப்பாவுக்கு வயது 68. நாற்பது வருஷத்துக்கு மேல் தறி ஓட்டியவர். இப்போது தம்பி பார்த்துக்கொள்கிறான். தபசு முடிந்து இரண்டு நாள் கழித்து, சமூகவியலில் பிஎச்.டி. பண்ணுகிற ஒரு பெண் கேள்வித்தாளோடு வந்தார். நெசவாளர் குடும்பங்களைப் பற்றிய ஆராய்ச்சியாம். கூலி, கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"ஐயா, இந்த வேலையால உடம்புக்கு ஏதாவது பிரச்னை வந்திருக்கா?"

"என்னம்மா?"

மறுபடி கேட்டார். சித்தப்பா காதருகே கையை வைத்துக்கொண்டு, "கொஞ்சம் சத்தமாக் கேளு தாயி" என்றார். மூன்றாவது தடவை அந்தப் பெண் கிட்டத்தட்ட கத்தினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. கை காலு நல்லாத்தான் இருக்கு."

அந்தப் பெண் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

சிரிக்காதீர்கள். அவர் கெட்டிக்காரப் பெண்தான். நானும் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? எனக்கும் உறைக்கவில்லை. அடுப்படியில் இருந்து சித்திதான் குரல் கொடுத்தாள்.

"ஆமா, ஒண்ணுமில்லாமத்தான் பேத்தி போன்ல பேசுனா எங்கிட்ட குடுத்துருதீயளாக்கும்?"

இரைச்சலால் காது போவது விநோதமான நோய். வலிக்காது, ரத்தம் வராது. உள்காதில் இருக்கும் மெல்லிய மயிர்ச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் போவது கீச்சென்ற மேல் ஸ்தாயி ஒலிகள். அதனால் பஸ் ஹார்ன் கேட்கும், பேத்தியின் குரல் புரியாது. ஆள், 'எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, இவங்கதான் முணுமுணுக்கிறாங்க' என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

இதை ஒருவர் 1886-லேயே முறையாக ஆராய்ந்திருக்கிறார். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்துக் காது டாக்டர் தாமஸ் பார். கப்பல்களுக்கு பாய்லர் செய்கிற தொழிலாளிகள் 100 பேரைக் கூப்பிட்டு, கைக்கடிகாரம் பரவலாகாத அந்தக் காலத்துப் பாக்கெட் கடிகாரத்தைக் காதருகே பிடித்து, 'டிக் டிக்' எவ்வளவு தூரம் கேட்கிறது என்று அளந்தார். ஒருவருக்குக்கூட முழுசாகக் காது கேட்கவில்லை. வயசானால் யாருக்கும்தானே காது மந்தமாகும் என்று கேட்பார்களே, அதற்காகத் தபால்காரர்கள் 100 பேரையும் சோதித்தார். அவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகவே கேட்டது. ஒரு கடிகாரமும், யாரோடு யாரை ஒப்பிடுவது என்ற புத்தியும் போதுமானதாக இருந்தது.

நம் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை பிற்பாடு சேர்க்கப்பட்டது. ஆனால், மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் குறைந்தது 10 பேராவது வேலை செய்தால்தான் பொதுவாக அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலை என்று ஒத்துக்கொண்டது. சித்தப்பா வீட்டில் நாலு தறி, மூணு பேர். காது மட்டும் அதே காதுதான்.

கேள்விகள் முடிந்ததும் சித்தப்பா உற்சாகமாகி, புலித்தேவர் கதையை ஆரம்பித்தார். நெற்கட்டும்செவல் பக்கத்தில்தான் இருக்கிறது. கைதியாகக் கொண்டுபோகும் வழியில் கோயிலுக்குள் சாமி கும்பிடப் போன புலித்தேவர் அப்படியே மறைந்துவிட்டார் என்பது இந்த ஊர்க் கதை. அந்தப் பெண் சங்கடத்தோடு, "அது என் தலைப்புல வராதுங்கய்யா" என்றார்.

எனக்கு நா.வானமாமலை ஞாபகம் வந்தது. கல்லூரி வேலையில் இல்லாமல், பாளையங்கோட்டையில் டுடோரியல் நடத்திக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர். நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார், 'ஆராய்ச்சி' என்றே ஒரு பத்திரிகை நடத்தினார். கட்டபொம்மன், கான்சாகிபு பற்றிய கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். 1761-ல் யூசுப்கான் நெற்கட்டும்செவலைப் பிடித்தான் என்பது ஆவணங்களில் வருஷத்தோடு கிடைக்கும். தோற்றுப்போனவரைச் சாகவிடாமல் ஊர் எதற்காகக் கோயிலுக்குள் மறைத்து வைத்தது என்பதற்குச் சித்தப்பா மாதிரி ஆட்களிடம்தான் போக வேண்டும்.

பாருங்கள், ஒரே மனுஷர். டாக்டருக்கு அவர் காது வேண்டும். சரித்திரக்காரருக்கு அவர் கதை வேண்டும். சமூகவியலுக்கு அவர் கூலியும் கடனும் வேண்டும். அவரவர் கட்டத்தில் அவரவர் டிக் அடித்துக்கொண்டு போகிறார்கள். தப்பில்லை. எல்லாவற்றையும் ஒருத்தரே ஆராய முடியாது. ஆனால், தன் தலைப்பில் இல்லாத ஒன்று எதிரே உட்கார்ந்து 'சத்தமாக் கேளு' என்று சொல்லும்போது அது காதில் விழ வேண்டும். இல்லாவிட்டால் கடன் கணக்கெல்லாம் சரியாக இருக்கும், காதுக்கு நேரே 'இல்லை' என்று இருக்கும். பிறகு அதைப் படிக்கிற அதிகாரியும் 'பிரச்னை இல்லை' என்றுதானே எழுதுவார்?

அந்தப் பெண்ணைப் பாராட்ட வேண்டும். சித்தி சொன்னதைக் கேட்டு ஒரு நிமிஷம் பேனாவைக் கடித்தபடி இருந்தவர், டிக்கை அடித்துவிட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். "அண்ணே, தறியைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்று தம்பியிடம் கேட்டார். வீடு திடீரென்று அமைதியானது. எத்தனை வருஷமாக, எத்தனை மணி நேரம், காதில் பஞ்சு வைத்ததுண்டா, எந்தக் குரல் முதலில் கேட்காமல் போனது என்று முதலிலிருந்து கேட்டார். சித்தப்பா ஒரு மணி நேரம் பேசினார். புலித்தேவரையும் விடவில்லை.

கிளம்பும்போது, "எழுதி முடிச்சதும் எனக்கு ஒரு காப்பி குடு தாயி" என்றார். அந்தப் பெண் தலையாட்டினார்.

உங்கள் வீட்டுக்கும் யாராவது கேள்வித்தாளோடு வந்தால் பத்து நிமிஷம் கொடுங்கள். அடுப்படியில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் சித்தப்பாவுக்கு போன் போட்டேன். புஸ்தகம் வந்ததா என்று கேட்டார். "அதுக்கு இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆகும் சித்தப்பா" என்றேன்.

"என்னது?" என்றார்.

சத்தமாகச் சொன்னேன்.