'வான்' என்றால் ஆகாயம் அல்ல!

கொழும்பில் வுல்வெண்டால் சர்ச் என்று ஒன்று இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1757-ல் கட்டி முடித்தது. வுல்வெண்டால் என்றால் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையில் ஓநாயே கிடையாது ஸார்! நரியைப் பார்த்துவிட்டு வைத்த பேர் போலிருக்கிறது.

உள்ளே போனால் தரையிலேயே கல்லறைக் கற்கள். கோட்டைக்குள் இருந்த பழைய சர்ச்சின் கற்களையும் 1813-ல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். மேலே கால் வைத்து நடக்கவே கூச்சமாயிருந்தது. குனிந்து பேர்களைப் படித்துக்கொண்டே போனேன்.

டச்சுப் பேர்களில் அடிக்கடி வரும் 'வான்' ஆகாயம் அல்ல. 'இந்த ஊர்க்காரர்' என்று அர்த்தம். வான்டார்ட் என்றால் டார்ட் ஊர்க்காரர்; வான் கைலன்பர்க் என்றால் கைலன்பர்க்காரர். நம்ம ஊரில் பேருக்கு முன்னால் கும்பகோணம், உமையாள்புரம் என்று போட்டுக்கொள்கிறோமே, அதேதான்.

இந்தப் பேர்களைச் சுமந்தவர்கள் பர்கர்கள். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்ததும் மூட்டை கட்டினார்கள், பெரும்பாலும் ஆஸ்திரேலியாவுக்கு. அங்கேயோ அப்போது வெள்ளைக்காரர்களுக்குத்தான் கதவு திறக்கும். ஐரோப்பிய வம்சம் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். பேரில் ஒரு 'வான்' இருந்தால் சும்மாவா!

ஆனால் டச்சு மாதிரி தெரிவதெல்லாம் டச்சு இல்லை. 1992-ல் புக்கர் பரிசு வாங்கிய மைக்கேல் ஒண்டாச்சி கொழும்பில் பிறந்தவர். 'தி இங்கிலீஷ் பேஷண்ட்' எழுதியவர். அவர் பேரின் கடைசியில் இங்கிலீஷில் டி, ஜே, இ என்று வரும். பலர் 'ஒண்டாட்ஜே' என்று பல்லை உடைத்துக்கொள்கிறார்கள். டச்சு எழுத்தில் டி, ஜே சேர்ந்தால் நம்ம 'ச்'. அவ்வளவுதான் ரகசியம்! 1659-ல் தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு வைத்தியர், டச்சு கவர்னரின் மனைவிக்கு வியாதியைக் குணப்படுத்திவிட்டு அங்கேயே தங்கிவிட்டாராம். வழிவழியாகச் சொல்லிவரும் குடும்பக் கதை. வைத்தியர் நம்மவர், ஸ்பெல்லிங் மட்டும் அவர்களுடையது.

அந்தக் குடும்பத்தில் குவிண்ட் ஒண்டாச்சி என்று ஒரு பிள்ளை, 1758-ல் கொழும்பில் பிறந்தது. ஹாலந்துக்குப் படிக்கப் போன இடத்தில், உட்ரெக்ட் நகரத்து ஜனங்களைத் திரட்டி அவர்களுடைய இளவரசரையே எதிர்த்தது! 1787-ல் பிரஷ்யப் படை வந்து இறங்கியதும் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. கடைசியில் 1818-ல் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், காலமானார்.

அங்கேயும் 1972 வரை 'ச்'சுக்கு அதே டி, ஜேதான்.