இருவர் செய்த விளையாட்டு

கேப்ரியல் செவின் எழுதி 2022-இல் வெளிவந்த ‘டுமாரோ, அண்ட் டுமாரோ, அண்ட் டுமாரோ’, வீடியோ கேம் உருவாக்கும் இருவரின் நட்பைச் சிறுவயதிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடரும் அமெரிக்க நாவல். அந்த இருவர், சாம் மேசர், சேடி கிரீன். இவர்கள் காதலர்கள் அல்லர். கடைசிவரை ஆவதும் இல்லை. காதல் கதைகளுக்குப் பழகிய வாசகர் அடுத்த அத்தியாயத்திலாவது சேர்ந்துவிடுவார்கள் என்று பாதிப் புத்தகம்வரை காத்திருப்பார். அந்த எதிர்பார்ப்பு உதிர்ந்த பிறகுதான் நாவலின் உண்மையான விஷயம் பிடிபடுகிறது. காதலைவிட நெருக்கமான, காதலைவிடக் கரடுமுரடான உறவு ஒன்று சேர்ந்து வேலை செய்பவர்களுக்கு நடுவே உண்டு.

1987-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவமனையில் கதை வேர்விடுகிறது. கார் விபத்தில் கால் நொறுங்கி, யாரிடமும் பேசாமல் கிடக்கும் சிறுவன் சாம். நோயாளியான அக்காவுக்காக அங்கே வந்த சேடி அவனோடு சூப்பர் மாரியோ விளையாட, அவன் வாய் திறக்கிறான். அதன்பின் அவள் வந்துபோகும் நேரமெல்லாம் சமூக சேவைக் கணக்கில் ஒரு தாளில் ஏறுகிறது. மொத்தம் 609 மணி நேரம். அந்தத் தாள் தெரியவந்ததும் சாம் உறவை அறுத்துக்கொள்கிறான். சேடியின் பாசமும் பொய்யில்லை, கணக்கும் பொய்யில்லை. நாவலின் அத்தனை சண்டைகளுக்கும் இந்தத் தாளே விதை.

பல ஆண்டுகள் கழித்து, 1995-இல், ஹார்வர்டில் படிக்கும் சாமும் எம்.ஐ.டி.யில் படிக்கும் சேடியும் ரயில் நிலையக் கூட்டத்தில் மீண்டும் சந்திக்கிறார்கள். சாமின் அறைத்தோழன் மார்க்ஸின் வீட்டில் ஒரு கோடை முழுவதும் உழைத்து ‘இச்சிகோ’ என்ற விளையாட்டைச் செய்கிறார்கள். கடல் இழுத்துச் சென்ற ஒரு குழந்தை வீடு திரும்பும் கதை அது. நாவலின் மிகச் சிறந்த பகுதி இதுவே. உறக்கமில்லாத இரவுகள், ஒருவர் தொடங்கிய யோசனையை மற்றவர் முடிக்கும் வேகம் எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் வருகின்றன. கசப்பும் அங்கேயே கலந்துவிடுகிறது. விளையாட்டை இயக்கத் தேவையான ‘இன்ஜின்’ என்ற மென்பொருள், சேடியின் பழைய பேராசிரியரும் அவளைப் படுத்திவைத்த முன்னாள் காதலனுமான டோவிடம் இருக்கிறது. சாமின் வற்புறுத்தலால் அவள் போய்க் கேட்கிறாள். இச்சிகோ புகழடைந்ததும் பத்திரிகைகள் சாமையே கொண்டாடுகின்றன. சேடியோ அவனைவிடத் திறமையான புரோகிராமர்.

செவின் யார் பக்கமும் சாயாதது நாவலின் பெரிய பலம். இச்சிகோவை வெளியிடக் கூடுதல் பணம் தரும் நிறுவனத்தையே சாம் விரும்புவது சேடிக்குப் பேராசையாகத் தெரிகிறது. வறுமையும் சிகிச்சைக் கடனும் அவனை எப்படி நெருக்குகின்றன என்பது வாசகருக்குத் தெரியும். கால்வலியை அவன் மறைக்கிறான், மனச்சோர்வை அவள் மறைக்கிறாள். ஒருவரின் மௌனத்தை மற்றவர் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார். ஐம்பது பக்கம் சேடிக்காகக் கொதித்தவர் அடுத்த ஐம்பதில் சாமுக்காக வருந்துவார்.

இருவரையும் தாங்கி நிற்பவன் தயாரிப்பாளனான மார்க்ஸ். பின்னாளில் அவன் சேடியின் துணைவனும் ஆகிறான். அலுவலகத்துக்குள் புகுந்த துப்பாக்கிதாரிகளால் அவன் சுடப்படுகிறான். நினைவிழந்து கிடக்கும் அவனை ‘நீ’ என்று விளித்து எழுதப்பட்ட அத்தியாயம் செவினின் கைத்திறனுக்குச் சான்று. அதன்பின் சேடிக்காகவே சாம் ஒரு விளையாட்டை உருவாக்கி, வேறு பெயரில் அவளோடு பழகுகிறான். உண்மை வெளிப்பட்டதும் அவள் ஏமாற்றப்பட்டதாகவே உணர்கிறாள். அந்தக் கோபம் நியாயமானது. இறுதிப் பகுதியில் ஆண்டுகள் அவசரமாக ஓடுவது மட்டும் ஒரு குறை.

வீடியோ கேம் பற்றி ஒன்றும் தெரியாதவரும் தடையின்றிப் படிக்கலாம். நாடகக் குழு, சிற்றிதழ், இசைக்குழு என எதையாவது இன்னொருவரோடு சேர்ந்து நடத்தியவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.