"யார் கூட வர்றா?"

வெளிநாட்டுத் தெருக்களில் படமெடுக்க வேண்டும் என்று நான்கு வருடம் பணம் சேர்த்தேன். பன்னிரண்டு நாள், ஒரு கேமரா, ஒரு 35 எம்.எம். லென்ஸ். எந்த ஊர் என்பதுதான் முடிவாகவில்லை.

தெருப் படம் எடுக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். இஸ்தான்புல், டோக்கியோ, ஹனோய் என்று மூச்சுவிடாமல் சொன்னார். எந்த ஊரில் எந்த மாதம் வெயில் எப்படிச் சாயும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தார். ராத்திரி அறைக்கு எப்படித் திரும்புவீர்கள் என்றேன். "நடந்துதான்" என்றார். ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை.

நோட்டில் இரண்டு பத்தி பிரித்தேன். இடப்பக்கம் வெளிச்சம், தெரு, முகங்கள். வலப்பக்கம் கழிப்பறை, கடைசி ரயில், அறைக்கதவின் தாழ்ப்பாள். ஒவ்வொரு ஊருக்கும் வலப்பக்கம்தான் முதலில் நிறைந்தது.

ஆரா கூலர் எடுத்த பழைய இஸ்தான்புல் படங்களைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. படகு, புகை, பனி, காபிக்கடை. இப்போது திரும்பப் பார்க்கையில் வேறொன்று கண்ணில் பட்டது. அங்குள்ள பழைய காபிக்கடைகள் வழக்கமாக ஆண்கள் கூடும் இடங்கள். நான் ஆசைப்பட்ட நாற்காலி எனக்காகப் போடப்பட்டதல்ல.

டோக்கியோவில் நள்ளிரவிலும் பெண்கள் தனியாக நடக்கிறார்கள் என்றார்கள். ஆனால் அங்கே ரயிலில் நடக்கும் தொந்தரவுக்காகப் பெண்களுக்குத் தனிப் பெட்டி விட்டிருக்கிறார்கள். அங்கே விற்கும் செல்போன்களில் படமெடுத்தால் சத்தம் வரும். அதை அணைக்க முடியாதபடி செய்ததற்குக் காரணம், பெண்களைத் திருட்டுத்தனமாகப் படமெடுப்பவர்கள். இதைப் படித்த அன்று கேமராவைக் கையில் எடுக்கவே கூசியது. என்னைப் பார்க்கும் கண்களுக்குப் பயந்து பட்டியல் போடுகிறேன். அந்த ரயிலில் இருக்கும் பெண்ணுக்கு என் லென்ஸும் அந்தக் கண்களில் ஒன்றுதானே?

விவியன் மையர் நினைவுக்கு வந்தார். சிகாகோவில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலை. ரோலைஃப்ளெக்ஸை வயிற்றருகே வைத்துக்கொண்டு ஒரு லட்சத்துக்கும் மேல் படமெடுத்தவர். 2007-ல் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்குப் போன பிறகுதான் அந்தப் படங்கள் வெளியே தெரிய வந்தன. பிள்ளைகளோடு தெருவில் நடக்கும் பெண்ணை, ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. மும்பைப் பெண்கள் மூவர் எழுதி 2011-ல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' புத்தகம் பேசுவதும் இதைத்தான்: தெருவில் நிற்க ஆணுக்குக் காரணம் வேண்டாம், பெண் ஒன்றைக் காட்ட வேண்டும்.

கடைசியில் ஹனோய் என்று முடிவு செய்தேன். அங்கே மேற்கு ஏரிப் பக்கம் குவாங் பா பூச்சந்தை நள்ளிரவுக்குப் பிறகுதான் களைகட்டும். கட்டுக் கட்டாகப் பூவை இறக்கி, விலை பேசி விற்பவர்களில் பெண்கள் அதிகம். இரவில் ஆளுள்ள தெரு, அதிலும் பெண்கள் உள்ள தெரு. வலப்பக்கத்துக்கும் அது போதுமானதாக இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன்.

"யார் கூட வர்றா?"

"யாரும் இல்லம்மா."

"ராத்திரி ரெண்டு மணிக்குச் சந்தையில உனக்கு என்னடி வேலை?"

"அங்க பொம்பளைங்கதாம்மா நிறைய இருப்பாங்க."

"அவங்க பொழப்புக்கு முழிச்சிருக்காங்க. நீ எதுக்கு?"

என்னிடம் பதில் இல்லை. கேள்வி நியாயமானது. தூக்கம் கெட்டு உழைக்கிறவளுடைய முகத்தை எடுத்துக்கொண்டு வர எனக்கு என்ன உரிமை? அதனால் திட்டத்தை மாற்றினேன். மூன்று ஊர் வேண்டாம், பன்னிரண்டு நாளும் ஹனோய் மட்டும். முதல் மூன்று இரவு கேமரா அறையிலேயே இருக்கும். பூ வாங்குவேன், ஓரமாக உட்காருவேன். படமெடுக்கலாமா என்று கேட்கவும், வேண்டாம் என்றால் புரிந்துகொள்ளவும் வேண்டிய வியட்நாமியச் சொற்களைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. சொந்தக்காரர்களிடம் அம்மா, "ஆபீஸ் வேலையாப் போறா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். எனக்காக அவள் கண்டுபிடித்த காரணம் அது. உறுத்துகிறது. ஆனாலும் இதுவரை நான் அதைத் திருத்தவில்லை.