பிடியும் உறையும்

தேவாரத்தில் அரிவாள் என்று வழங்குவதை, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்ததும் வாக்கத்தி என்பார்கள். எங்கள் அம்மா இடமறிந்து இரண்டு பெயர்களையும் சொல்வார். முன்பு சென்னை மாகாணத்துக்கும் திருவிதாங்கூருக்கும், 1956-க்குப் பின் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் எல்லையாக நிற்கிற மலை அது. வீடு கீழே, கூலி மேலே. விடியுமுன் ஜீப் ஏறி, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏலச்செடிகளின் காய்ந்த தட்டைகளைக் கழிக்கவும் களையெடுக்கவும் போய், இருட்டிய பின் திரும்புகிற வாழ்க்கை அவருடையது. அந்தக் கூலியில் படித்து ஊரைவிட்டு வெளியேறியவர்கள், அண்ணனும் தம்பியுமான நாங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வளைவில் ஜீப் குலுங்கி நின்றபோது, அம்மாவின் மடியிலிருந்த துணிப்பையைக் கிழித்துக்கொண்டு வந்த அரிவாள், பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெண்ணின் தொடையில் இறங்கிவிட்டது. எட்டுத் தையல். ஒரு மாதத்துக்கு மேல் அவருக்குக் கூலி இல்லை. அம்மா எங்களிடம் எதையும் கேட்டுப் பெறுகிறவர் அல்லர். அந்தத் தீபாவளிக்கு மட்டும், "இதுக்கு ஒரு உறை பண்ணிக் குடுங்கப்பா" என்றார்.

நாங்கள் முதலில் பார்த்தது பிடியை. விரிசல்விட்டு, சைக்கிள் டியூபால் சுற்றப்பட்டிருந்தது அது. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனாலும் அதையும் மாற்றிவிடுவது என்று தீர்மானித்தோம். தாத்தாவின் உடைந்த கட்டிலிலிருந்து ஓர் ஈட்டிமரக் கால் கிடைத்தது. படங்களை வைத்துக்கொண்டு குடகுக் கத்திகளை ஆராய்ந்தோம். அங்கே ஒடிகத்தியை உறையில்லாமல் முதுகுப்புறம் பித்தளைக் கொளுவியில் செருகிக்கொள்வார்கள். பீச்சேகத்திக்கோ வெள்ளி வேலைப்பாடு மிகுந்த உறை. எங்கள் கண் போனது அந்த வெள்ளியின் மேல்தான். ஈட்டியைக் கடைந்து வார்னிஷ் பூசினோம். பித்தளைப் பூண் போட்டோம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலைத் திண்டுக்கல்லிலிருந்து வாங்கிவந்து மெழுகு நூலால் தைத்தோம். நான்கு வார விடுமுறைகள் அதில் கழிந்தன.

அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாமிகிட்ட வைக்கலாம் போல இருக்கு" என்றார். நாங்கள் அதைப் புகழ்ச்சி என்றே எடுத்துக்கொண்டோம்.

ஆடி மாதம் ஊருக்குப் போனபோது அது நிஜமாகவே சாமி மாடத்தில் இருந்தது. தென்மேற்குப் பருவமழை மலைமேல் கொட்டுகிற காலம். கீழே தேவாரத்தில் தூறலோடு நின்றுவிடும். மழையில் நனைந்த கையில் வார்னிஷ் வழுக்கியிருக்கிறது. ஈரம் குடித்த தோலுறை இரவெல்லாம் காயவில்லை. காலையில் உருவினால் இரும்பு முழுக்கத் துரு. லாரியின் வில்பட்டையில் அடித்த அரிவாள் அது. கூர்மை நெடுநாள் நிற்கும், ஆனால் ஈரத்தைப் பொறுக்காது. அம்மா எங்களிடம் குறை சொல்லவில்லை. பழைய அரிவாள் ஒன்றை எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அதே ஜீப்பில், அதே பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்.

அன்று இரவு நாங்கள் சரியாகத் தூங்கவில்லை. கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. பிடி, பிடிப்பவரின் கைக்கானது. உறை, பக்கத்தில் இருப்பவரின் உடம்புக்கானது. எங்கள் கைத்திறனைக் காட்டுவதற்காக இரண்டையுமே கெடுத்திருந்தோம்.

மறுநாள் கொல்லுப்பட்டறைக்குப் போனோம். பெரியவர் ஈட்டிப் பிடியை ஒரே தட்டில் கழற்றினார். "மெருகு ஏத்துனா மரம் கையோட ஒட்டாது தம்பி" என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த பழைய காப்பிச்செடியின் அடித்தண்டை எடுத்தார். காப்பிக்கட்டை நெருங்கிய இழையுள்ளது, கனமானது. இழைப்புளி போட்டதோடு சரி, மெருகே கிடையாது. முதலில் இரும்புப் பூணை அடித்து இறக்கினார். இல்லாவிட்டால் மரம் பிளக்கும். அரிவாளின் வாயை ஈரச்சாக்கில் சுற்றி, பிடிக்குள் போகிற வால்பகுதியை மட்டும் உலையில் காட்டினார். சூடு வாய்வரை ஏறினால் இரும்பின் பதம் போய்விடும். சற்றுச் சிறிதாகத் துளைத்த துளையைச் சூடான வால் சுட்டுக்கொண்டு இறங்கியது. பிறகு அரக்குப் பொடியைத் துளையில் நிரப்பி, மறுபடி காய்ச்சி அழுத்தினார். ஆறியபின் அசைத்துப் பார்த்தோம்; அசையவில்லை.

உறையை நாங்களே செய்தோம். ஜப்பானில் வாளை எடுத்துவைக்கும்போது மெருகேற்றாத மக்னோலியா மர உறையில்தான் வைப்பார்களாம். மரம் இரும்பை மூச்சுவிட வைக்கும். அந்த யோசனையை எடுத்துக்கொண்டோம். ஆனால் அரிவாளின் நுனி வளைந்தது, நேர் உறைக்குள் செருக முடியாது. ஆகவே வாயை மட்டும் மூடுகிற மாதிரி, வளைவுக்கு ஏற்ப மலைவேம்புப் பலகையில் பள்ளம் வெட்டினோம். நீர் வடியக் கீழே இரண்டு துளைகள். லாரி டியூபில் வெட்டிய இரண்டு வார்கள் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அழகு என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

அம்மா அதை மாடத்தில் வைக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க மலைக்குப் போய்வந்து, வார்கள் தளர்ந்து, பலகை கறுத்துவிட்டது.

நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்தோம். பிறகுதான் எளிய கணக்கு ஒன்று புரிந்தது. அம்மாவின் உறை பக்கத்துப் பெண்ணைக் காக்கும். அம்மாவைக் காக்க வேண்டியது அம்மாவின் உறை அல்லவே. அந்த ஜீப்பில் இன்னும் எத்தனையோ துணிப்பைகள். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். மலைவேம்புப் பலகை வாங்கி வைத்திருக்கிறோம். எத்தனை அரிவாள்கள், ஒவ்வொன்றின் வளைவும் எப்படி என்று காகிதத்தில் வரைந்து வாங்கிவைக்குமாறு அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம்.