மழை மாதமும் இரவுக் கதையும்

கொங்கண் இருப்புப்பாதையில் மழைக்காலத்துக்கெனத் தனிக் கால அட்டவணை ஆண்டுதோறும் நடைமுறைக்கு வருவதை அன்பர்கள் அறிவீர்கள். மலைச்சரிவில் மண் சரியக்கூடும் என்பதால் வண்டிகள் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதைச் சோம்பல் என்று எவரும் கூறுவதில்லை. மனித உடலும் மழைக்காலத்தில் சற்று மெதுவாகச் செல்ல விரும்புகிறது என்பதை மட்டும் நாம் ஏனோ ஒப்புக்கொள்வதில்லை.

ஜூன் முதல் தேதியையொட்டிக் கேரளத்தை அடையும் தென்மேற்குப் பருவமழை, நாம் ஆடி என்று அழைக்கும் கர்க்கடகத்தில் இடக்கொச்சியை நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. துவைத்த துணி உலர்வதில்லை. பகல் வேளையிலும் விளக்கேற்ற நேர்கிறது. கண் வழியே நுழையும் பகலொளியே உடலின் கடிகாரத்தைச் சரிசெய்கிறது என்று மருத்துவர்கள் கூறுவர். குளிர்நாடுகளில் ஒளி குறைந்த பருவத்தில் தோன்றும் மனச்சோர்வை, நார்மன் ரோசன்தால் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984-இல் ஒரு நோயாகவே விவரித்தனர். நம் மழைக்காலச் சோர்வு பெரும்பாலும் அவ்வளவு கடுமையன்று. ஆயினும் காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்தால் அது எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

இந்த மாதத்துக்கு மலையாள நாட்டார் இரண்டு வழக்கங்களை வைத்திருக்கின்றனர். ஒன்று, ஞவரை அரிசியும் வெந்தயமும் சேர்த்துக் காய்ச்சும் கர்க்கடகக் கஞ்சி. மற்றொன்று, எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை விளக்கேற்றி வைத்து உரக்கப் படித்தல். அது கிளிப்பாட்டு வகையைச் சேர்ந்த நூல். கிளியே கதை சொல்வதாக அமைந்தது. ஒருவர் படிக்க, வீட்டார் கேட்பர். கேட்பவருக்குக் கண்ணும் கையும் ஓய்வு பெறுகின்றன.

இன்றைய ஒலிநூல்கள் தருவதும் அதே இன்பந்தான். 1930களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோருக்காக இசைத்தட்டுகளில் பதிவான 'பேசும் நூல்கள்' இன்று கைபேசிக்குள் வந்துவிட்டன. நாள் முழுதும் எண்களையும் பெயர்களையும் பார்த்துக் களைத்த என் போன்ற எழுத்தருக்கு, விளக்கை அணைத்துவிட்டுக் கதை கேட்பது பெரும் ஆறுதல்.

எங்கள் வீட்டில் ஒலிப்பது கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. கல்கியின் நூல்கள் 1999-இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. ஆகவே எவரும் அவற்றை வாசித்துப் பதிவு செய்யலாம். கதை தொடங்குவது ஆடிப்பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில். என் சொந்த ஊர் அந்த ஏரிக்கு அருகில்தான்.

நான்காம் வகுப்பில் பயிலும் என் மகளுக்கு மலையாளமும் ஆங்கிலமும் படிக்க வரும். தமிழ் எழுத்து வராது. நம் குடும்பங்கள் பலவற்றில் இதுவே நிலை. அந்தக் குழந்தை ஓர் இரவு, "அப்பா, அந்த ஏரி இப்போதும் இருக்கிறதா?" என்று கேட்டாள். "இருக்கிறது, சென்னைக்கே அதிலிருந்து தண்ணீர் போகிறது" என்றேன். மறுநாள் 'வீராணம்' என்று தமிழில் எழுதிக் காட்டச் சொன்னாள். நான் வற்புறுத்திச் செய்ய முடியாததைக் கதை செய்துவிட்டது.

ஒலியைத் தாழ்த்தி, அரைமணியில் தானே நிற்குமாறு அமைத்து, திரையைக் கவிழ்த்து வைத்தால் உறக்கம் கெடாது. இன்னொன்றும் சொல்வேன். ஊரிலுள்ள தாத்தா பாட்டியரை ஒரு கதை சொல்லச் செய்து, அதைப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஒலிநூலிலும் கிடைக்காத நம் ஊர்த் தமிழ் அதில் இருக்கும். அவர்கள் சொல்ல இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நம் கடமை.