சொல்லாமல் விட்டது மறைத்ததாகுமா?

பணிநீக்கக் கடிதத்தில் ஒரே காரணம்தான் இருந்தது: நேர்முகத் தேர்வில் முக்கியத் தகவலை மறைத்தார். மறைத்ததாகச் சொல்லப்பட்டது, அந்துப்பூச்சி பார்க்கும் பழக்கத்தை.

என் கட்சிக்காரர் கோலா தெர்லா இளைஞர். பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா போகும் சாலையில், திரிங்காப்பைத் தாண்டி வரும் ஊர் அது. கொழுந்தெடுத்த தாய்க்கு லயத்தில் பிறந்தவர். ஒரு தேயிலை நிறுவனத்தில் கள மேற்பார்வையாளராகச் சேர்ந்திருந்தார். மழையில்லாத இரவுகளில் வெள்ளைத் துணி கட்டி, முன்னால் விளக்கு வைத்து, வந்து உட்காரும் பூச்சிகளைப் படமெடுப்பார். எதையும் பிடிப்பதில்லை. தகுதிகாண் காலத்தில், ஒருநாள் தோட்ட ஓரத்தில் விளக்கோடு நின்றவரை ஜாகா பார்த்துவிட்டார். விசாரணை நடந்தது; கடிதம் வந்தது.

நேர்முகத் தேர்வில் ஓய்வு நேரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பந்து விளையாடுவேன் என்றிருக்கிறார். அதுவும் உண்மைதான். பூச்சியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்கன்னு பயந்துட்டேன் சார்” என்றார்.

1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இதற்கு நேரடியாகவே விடை சொல்கிறது. எதிர்த்தரப்பின் முடிவைப் பாதிக்கக்கூடிய விஷயமானாலும், அதைச் சொல்லாமல் இருப்பது மட்டுமே மோசடி ஆகாது; சொல்லியாக வேண்டிய கடமை இருக்க வேண்டும், அல்லது மௌனமே பேச்சுக்குச் சமமாக இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தை வரிவரியாகப் படித்தேன். பொழுதுபோக்குகள் அனைத்தையும் எழுதச் சொல்லி அதில் எங்கும் கேட்கவில்லை.

1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, நீக்கப்பட்ட 60 நாளுக்குள் முறையிட வேண்டும். தகுதிகாண் காலத்தில் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. நாங்கள் முறையிட்ட பிறகு நடந்த சமரசப் பேச்சில் நிறுவனம் புதுக் குற்றச்சாட்டு ஒன்றைக் கிளப்பியது: ராஜா புரூக் போன்ற பாதுகாக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிகளை அவர் பிடித்திருக்கலாமாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அது கடுங்குற்றம். நான் ‘கூன் குவீ போய்’ வழக்கை எடுத்து வைத்தேன். பின்னாளில் பேராக் சுல்தானான ராஜா அஸ்லான் ஷா 1981இல் அளித்த தீர்ப்பு அது. முதலாளி எந்தக் காரணத்தைச் சொல்லி நீக்கினாரோ, அந்தக் காரணம் நிரூபணமாகிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். வேறொரு காரணத்தைத் தேடிக் கொடுக்காது.

வழக்கு தொழிலியல் நீதிமன்றம் வரை போகவில்லை. கடிதத்தைத் திரும்பப் பெற்று, இழப்பீடும் நற்சான்றும் தந்தார்கள். பேச்சின்போது அவருடைய படங்களை மேசையில் பரப்பினோம். தேயிலை இலையைத் தின்னும் புழுக்களும், அவை வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சிகளும் தேதிவாரியாக அவற்றில் இருந்தன. கள மேற்பார்வையாளருக்கு இதைவிட நல்ல தகுதி எது? நேர்முகத் தேர்வில் அவர் சொல்லாமல் விட்டது, அந்த வேலைக்கே அவரிடமிருந்த மிகச் சிறந்த தகுதியை.

ஆனால், உண்மையைச் சொன்னதால் வேலையை இழப்பவருக்குச் சட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. கர்ப்பமாக இருப்பதை ஒப்புக்கொண்டதால் தற்காலிக ஆசிரியை வேலையை இழந்த நூர்ஃபடில்லாவுக்கு, 2011இல் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 8ஆவது பிரிவைக் காட்டி நீதி வழங்கியது. அங்கே எதிர்த்தரப்பு அரசாங்கம். தனியார் நிறுவனத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் 2005இலேயே கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைச் சட்டத்தில் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த 69எஃப் பிரிவும் முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையிலான பாகுபாட்டுப் புகாரைத்தான் விசாரிக்கிறது; வேலைக்கே எடுக்கப்படாதவர் ஊழியர் அல்ல. ஆகவே, பொழுதுபோக்கைச் சொல்லித் தனியார் வேலையைக் கோட்டை விட்டவருக்குச் சட்டத்தில் பிடிமானம் மிகக் குறைவு. சொல்லாமல் சேர்ந்து, அதற்காக நீக்கப்பட்டவருக்கு வழக்கு உண்டு.

அதற்காக வாயை மூடிக்கொள் என்று நான் எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை. வேலையோடு ஒட்டிய பழக்கமென்றால் கேட்காமலே சொல்லுங்கள். அதில் என்ன கற்றீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒட்டாததென்றால், சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். நேரடியாகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். சொல்லாமல் விட்டதற்காக நான் வாதாட முடியும். பொய்யான பதிலுக்கு முட்டுக் கொடுக்க எந்த வழக்கறிஞராலும் முடியாது.